பிளக்கைப் பிடுங்கச் சொன்ன சூசை அண்ணாத்தே

சூசை அண்ணாத்தே இறந்துவிட்டார் என்று எனக்குச் சொன்னவர் ஆரோக்கியம். அதனால்தான் நான் நம்பவில்லை. ஆரோக்கியம் அண்ணாத்தேயின் மச்சினன்; அவர் மனைவி லில்லி அக்காவின் கூடப்பிறந்த தம்பி. அதோடு, திருவொற்றியூரில் என்னைப் போலவே எம்ப்ராய்டரி கடை வைத்திருப்பவர். முந்தின நாள் சாயங்காலம் அண்ணாத்தேயும் அக்காவும் அவர் வீட்டுக்குத்தான் போயிருந்தார்கள். காலையில் நான் கடையைத் திறந்து மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அக்கா, மாமா பூட்டாருக்கா. எயுந்து பல்லு வெளக்கினு இருந்தவரு அப்டியே சாஞ்சிட்டாரு."

என் கடைக்கும் அண்ணாத்தே வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்துதான். அவர் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து ஒரு நீல வயர் சந்தைத் தாண்டி என் கடைக்குள் இறங்கும். அதன் முனையில் ஒரு திரை. நான் போட்டுக்கொண்டிருந்த டிசைன் அந்தத் திரையில் தெரிந்தது. அந்தப் பக்கம் அவருடைய கம்ப்யூட்டர் ஓடினால்தான் இந்தப் பக்கம் அது தெரியும்.

"சும்மா கத உடாதப்பா. அவரு மிஷினு இங்க ஓடிக்கினு கீது" என்றேன்.

மறுமுனையில் லில்லி அக்கா அழுவது கேட்டது. மிஷின் ஓடுவதற்கும் ஆள் இருப்பதற்கும் சம்பந்தமில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரையை அணைக்க மனம் வரவில்லை. கடையை மட்டும் மூடிக்கொண்டு பஸ் ஏறினேன்.

முப்பதாம் நாள் பூசைக்குச் சின்னதாக ஒரு புத்தகம் அச்சடிக்கிறார்கள். அதில் நல்லதாக நாலு வார்த்தை எழுது என்று அக்கா கேட்டார். நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். அதிலும் பள்ளிக்குப் போன நாளைவிடப் போகாத நாள்தான் அதிகம். நல்லதாக எழுதத் தெரிந்தவர்கள் கோயிலில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அவர் எதையும் நம்பமாட்டார். அதையே எழுதுகிறேன். அவரைத் தெரிந்த நீங்கள் சண்டைக்கு வரமாட்டீர்கள்.

துறைமுகத்தில் அவர் வேலை, கப்பல் சரக்கைத் தூக்குகிற கயிறு, கொக்கி, சங்கிலி எல்லாவற்றையும் சோதிப்பது. புதுக் கயிறு வரும்போது, இத்தனை எடை தாங்கும் என்று ஒரு சான்றிதழும் கூடவே வருமாம். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அதைவிடக் கூடுதலான பாரத்தைக் கட்டித் தூக்கச் சொல்வாராம். பாதி உயரத்தில் போகும்போது சடக்கென்று பிரேக் போடச் சொல்வாராம். சான்றிதழ் இருக்கிறதே என்று மேலதிகாரி கோபித்தால், "காய்தத்துல எய்திக்கீது சார். கயித்துக்குப் படிக்கத் தெர்யுமா?" என்பாராம். இதை அவரே பல முறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதிகாரியின் பதவி ஒரு படி உயர்ந்துகொண்டே போனது.

வேலையில் மட்டும்தான் அப்படி என்றால் பரவாயில்லை. அவர் மகள் கல்யாணத்தில் மேடை போட்டு முடித்ததும், கூட வேலை பார்த்தவர்களில் நல்ல கனமான ஆட்களாகப் பார்த்து மேலே ஏற்றிக் குதிக்கச் சொன்னார். பந்தல்காரர் அழாத குறை.

"அண்ணே, பொண்ணு மாப்ள குந்தத்தான் போறாங்க. குதிக்கவா போறாங்க?"

"போட்டோ எடுக்கசொல்ல சொந்தக்காரன் அத்தினி பேரும் ஏறுவான்ல? குதிங்கடா."

ஒரு பலகை உடைந்தது. அன்று பெண்ணைப் பெற்றவர் முகத்தில் நான் பார்த்த பெரிய சந்தோஷம் அதுதான்; தாலி கட்டும்போதுகூட அவ்வளவு இல்லை. நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தாலும், "இன்னா வோணும் ஒனுக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் டம்ளரைத் தொடுவார். எனக்கு நிஜமாகவே ஏதாவது வேண்டியிருக்கும். அது வேறு கதை.

அவரும் நானும் பெரிதாக மோதிக்கொண்டது என் கம்ப்யூட்டர் விஷயத்தில். எம்ப்ராய்டரி மிஷின் தானாக எதையும் தைக்காது; கம்ப்யூட்டரில் போட்ட டிசைனைத்தான் தைக்கும். எண்ணூர்ப் பக்கத்துக் கம்பெனிகளின் யூனிஃபார்ம் சட்டைப்பையில் வரும் முத்திரை, திருவிழாக் கொடி, பள்ளிக்கூட பேட்ஜ் என்று நான் போட்டுவைத்த டிசைன்கள் அத்தனையும் ஒரு பழைய கம்ப்யூட்டரில் இருந்தன. அந்த டிசைன் சாஃப்ட்வேர் பழைய விண்டோஸில் மட்டும் ஓடும். அதை விற்ற கடை எப்போதோ மூடியாகிவிட்டது. போதாததற்கு, தீப்பெட்டி அளவில் ஒரு பூட்டுக் கட்டை கம்ப்யூட்டருக்குப் பின்னால் செருகியிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் சாஃப்ட்வேர் வாயே திறக்காது.

எங்கள் ராயபுரத்துக் கடல் காற்று ஜன்னல் கம்பியையே தின்றுவிடும். கம்ப்யூட்டர் எந்த மூலைக்கு? ஒரு மழைக்காலம் முடிந்ததும் அது நினைத்தால் எழுந்தது, நினைத்தால் படுத்தது. ரிப்பேர்காரர் திறந்து பார்த்தார். உள்ளே பச்சையாகப் பூத்திருந்தது. "தூக்கிப் போட்டுட்டு புச்சு வாங்குக்கா" என்றார். வாங்கலாம். புதுசில் டிசைன் திறக்காதே. அந்தப் பழைய பெட்டி ஒரேயடியாகப் படுத்தால் என் கடையும் படுத்துவிடும். என் ஆர்டர் எல்லாம் நேரே திருவொற்றியூருக்குப் போய்ச் சேரும்.

அந்தச் சமயம் அண்ணாத்தே ரிட்டயர் ஆகி, மாடியில் ஒரு பெரிய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அதைச் சர்வர் என்பார். பிராட்பேண்ட் வீட்டுக்கு வீடு வந்த புதிது. அவர் அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டிருந்தார். அதில் வைரஸ் வராது என்று யாரோ சொன்னார்களாம். வருகிறதா இல்லையா பார்க்கிறேன் என்று ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் மகன் டேவிட்டுக்குக் காலேஜ் படிப்புக்குப் புது விண்டோஸ் வேண்டும். மகன் உட்காரும்போது அப்பா தன்னுடையதை அணைக்க வேண்டும். அப்பா உட்காரும்போது மகன். அந்த வீட்டுச் சண்டை சந்துக்கு இந்தப் பக்கம்வரை கேட்கும். ஒருநாள் அண்ணாத்தே என் கடைக்கு வந்து ஸ்டூலை இழுத்து, அழுத்திப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"கஸ்தூரி, உன் மிஷின என் மிஷினுக்குள்ள குந்த வெச்சிரட்டுமா?"

ஒரே கம்ப்யூட்டருக்குள் மூன்று கம்ப்யூட்டர் இருப்பதாக நம்பவைக்கிற சாஃப்ட்வேர் வந்திருக்கிறதாம். பழைய விண்டோஸ், புது விண்டோஸ், லினக்ஸ் மூன்றும் ஒரே நேரத்தில் ஓடுமாம். எனக்குப் புரியவில்லை என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

"ஒரே கப்பலு. உள்ள மூணு அற. ஒண்ணுல அரிசி, ஒண்ணுல கரி, ஒண்ணுல உரம். பக்கத்துல கரி கீதுன்னு அரிசிக்குத் தெர்யாது. அந்த மாதிரி ஒண்ணுல நானு, ஒண்ணுல டேவிட்டு, ஒண்ணுல நீ."

"கப்பலு யாருது?"

"என்னுது."

"அப்போ மூணு அறைக்கும் சாவி உங்கிட்டதான?"

"ஆமாமே. அதான் பேஜாரு" என்றார்.

மனசுக்குள் வைத்துப் புழுங்குகிற ஆள் இல்லை நான். நேராகவே கேட்டேன். "என் டிசைன எல்லாம் அள்ளி உன் மச்சான் கைல குடுக்க மாட்டன்னு இன்னா நிச்சயம்?"

"ஒரு நிச்சயமும் இல்ல. நம்பாத. நீ நம்பிட்டன்னா எனுக்கு வேலைல சோம்பேறித்தனம் வந்துரும்."

பிறகு துறைமுகத்தில் இருந்த ஒரு வழக்கத்தைச் சொன்னார். பாரத்தைக் கட்டுகிறவர், தூக்கலாம் என்று கை காட்டக் கூடாது. கட்டினவர் கண்ணுக்குத் தன் முடிச்சு எப்போதும் அழகாகத்தான் தெரியும். இன்னொருவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுக் கை காட்ட வேண்டும். அண்ணாத்தே அதற்கும் ஒரு படி மேலே போய், கட்டினவரோடு பேச்சுவார்த்தை இல்லாதவராகப் பார்த்துக் கை காட்ட வைப்பாராம்.

"இந்த சாஃப்ட்வேர நான் கட்றேன். கை காட்றது நீ. இந்தத் தெருவுல என்னிய உன்ன மாதிரி சந்தேகப்பட்றவங்க வேற யாரு கீறாங்க, சொல்லு."

வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி அது.

அப்பாவும் மகனும் மாடிக்கு மூன்று சாஃப்ட்வேர்களை எடுத்துவந்தார்கள். சிலது நெட்டில் இறக்கியது, சிலது டேவிட் காலேஜிலிருந்து சிடியில் கொண்டுவந்தது. நான் என் டிசைன்களைத் தொட விடவில்லை. பெயரை மாற்றிக்கொண்டுவிட்ட ஒரு பள்ளிக்கூடத்தின் பழைய பேட்ஜை மட்டும் சோதனைக்குக் கொடுத்தேன். திருடினாலும் திருடுகிறவர்களுக்கு லாபம் இல்லை.

முதல் சாஃப்ட்வேர் பார்க்க அழகாக இருந்தது. காசு இல்லை, கேள்வி இல்லை. பழைய விண்டோஸ் அதற்குள் ஜோராக எழுந்தது. ஆனால் பின்னால் செருகியிருந்த பூட்டுக் கட்டை உள்ளே இருந்த விண்டோஸுக்குத் தெரியவே இல்லை. டிசைன் சாஃப்ட்வேர் பூட்டு எங்கே என்று கேட்டுவிட்டு மூடிக்கொண்டது. "மூஞ்சி மட்டும் ஷோக்கா கீது" என்று அதை அண்ணாத்தே வாசலோடு அனுப்பினார்.

இரண்டாவது வேறு மாதிரி. அது எல்லாவற்றுக்கும் அடியில் தான்தான் இருப்பேன் என்றது. முதலில் அதைப் போட்டு, அதற்கு மேல்தான் லினக்ஸோ விண்டோஸோ. டேவிட் அதன்மேல் பைத்தியமாக இருந்தான். வேகம் அப்படி, பூட்டுக் கட்டையையும் எப்படியோ அதற்குள் தெரியவைத்துவிட்டான். அண்ணாத்தே தாடையைச் சொறிந்துகொண்டு, "எல்லாத்துக்கும் அடில ஒருத்தன் குந்திகினா, அவன யார்ரா பாத்துக்குவான்?" என்றார்.

மூன்றாவது சும்மா கொடுப்பதாகச் சொல்லிவிட்டு, பெயர் என்ன, ஊர் என்ன, ஈமெயில் என்ன என்று கேட்டது. அண்ணாத்தேக்குக் கோபம் வந்துவிட்டது. "துட்டு வேணாங்கறவன் எதுக்கு என் ஜாதகத்தக் கேக்கறான்?" ஆனாலும் ஒரு பெயரைக் கொடுத்தார். ஆரோக்கியத்தின் பெயர். விளம்பரம் எல்லாம் இன்றைக்கும் திருவொற்றியூருக்குத்தான் போகிறது. அந்த சாஃப்ட்வேருக்குப் பூட்டுக் கட்டை தெரிந்தது, ஆனால் மந்தம். திரை திக்கித் திக்கி வரும். உள்ளே கடிகாரம் வெளியே இருப்பதைவிடப் பின்தங்கி ஓடும். வேலை நடுவில் நான் எழுந்தால், "எங்க போற? உள்ள இன்னும் டீ டைம் வர்ல" என்பார்.

சோதனை என்றால் அவருக்கு ஒன்றுதான்: ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்க வேண்டும். எண்ணூரில்தான் கரண்ட் தயாரிக்கிறார்கள். அப்படியும் நம் தெருவில் கரண்ட் நிற்கவில்லையா? எப்போது பிடுங்குவது என்பதை என் இஷ்டத்துக்கு விட்டார். இரண்டாவது சாஃப்ட்வேருக்கு, "இப்போ புடுங்கட்டுமா அண்ணாத்தே?" என்று கேட்டுவிட்டுப் பிடுங்கினேன். திரும்பி எழுந்தது. அவருக்குத் திருப்தி இல்லை.

"கேட்டுட்டுப் புடுங்கறது டெஸ்டு இல்லமே. அது மரியாத."

அடுத்த முறை அவர் கோயில் பாட்டுக் குழுவுக்கு ஏதோ டைப் அடித்துக்கொண்டிருந்தார். டேவிட் அதே கம்ப்யூட்டரில் மாட்டிய இன்னொரு திரையில் தன் விண்டோஸில் இருந்தான். உள்ளே என் பேட்ஜ் பாதி வரைந்து நின்றது. நான் முறுக்கு தின்றுகொண்டே காலை நீட்டி, கட்டைவிரலால் பிளக்கை உருவிவிட்டேன். அறை அமைதியாகிவிட்டது. டேவிட் தலையில் கை வைத்தான். அண்ணாத்தே முகத்தில் ஈயாடவில்லை. அவர் அடித்த பாட்டு போய்விட்டது.

"கரெக்டு. இப்டித்தான் புடுங்கணும்" என்றார்.

அன்று ஓடிக்கொண்டிருந்தது மூன்றாவது. முனகிக்கொண்டே எழுந்தது, என் பேட்ஜ் இருந்தது. அதே மாதிரி சொல்லாமல் கொள்ளாமல் பிடுங்கியதில் இரண்டாவதும் பிழைத்தது. நான் தயங்காமல் இரண்டாவதற்குக் கை காட்டினேன். வேகம் இருக்கிறது, பிழைக்கிறது, வேறு என்ன வேண்டும்? அண்ணாத்தே மூன்றாவதை எடுத்துக்கொண்டார்.

"அப்போ நான் எதுக்குக் கை காட்னேன்?"

"நீ வேணாம்னா வேணாம். அது சட்டம். நீ வோணும்னா, நான் இன்னோருவாட்டி ரோசன பண்ணுவேன். ரோசன பண்ணேன்."

"இன்னா ரோசன?"

"ஓடுதான்னு பாரு. ரோசனையப் பத்திக் கேக்காத."

எனக்கு அப்போது ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. நான் மந்தமாக ஓடினால் ஆரோக்கியம் வேகமாக ஓடலாம். ஆனால் பழைய பெட்டி அதற்குள் எழுவதையே நிறுத்திக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் அதன் டிஸ்க்கைக் கழற்றிக் கொடுத்தேன். என் மொத்தப் பிழைப்பும் சந்தைத் தாண்டி அவர் மாடிக்குப் போனது. பூட்டுக் கட்டையும் கூடவே போனது. பதிலுக்கு ஒரு நீல வயர் இந்தப் பக்கம் வந்தது.

அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. ஒரு பல்சக்கர முத்திரையில் வேண்டுமென்றே ஒரு பல்லைக் குறைத்துவைத்தேன். அதே குறையோடு, நான் தைக்காத கம்பெனிச் சட்டை ஏதாவது கண்ணில் பட்டால் திருவொற்றியூரைப் பிடித்துவிடலாம் என்று கணக்கு. பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஆம்பளைகள் சட்டைப்பையையே முறைத்துக்கொண்டு வந்தேன். என்னைப் பற்றி யார் என்ன நினைத்தார்களோ. ஒருநாள் அண்ணாத்தே ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே சொன்னார்.

"உன் சக்கரத்துல ஒரு பல்லு கொறையிது. வோணும்னுதான வெச்சிகீற?"

"ஒனுக்கு எப்டித் தெர்யும்?"

"எண்ணூர் பஸ்ல எதுக்க ஒருத்தன் குந்தினு இருந்தான். எண்ணிப் பாத்தேன்."

பஸ்ஸில் எண்ணினாரா, மாடியில் என் அறைக்குள் எட்டிப் பார்த்தாரா? எனக்கு இன்றுவரை தெரியாது. மற்றவர்களாக இருந்தால் சத்தியம் செய்திருப்பார்கள். அவர் டம்ளரைக் கழுவிவைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து சில நாளில், லில்லி அக்கா மகளோடு போய் இருக்கப்போவதாக முடிவானது. வீட்டைக் காலி செய்ய வேண்டும். சர்வரை அணைக்க வேண்டும். ஒரு புதுக் கம்ப்யூட்டரை வாங்கி வைத்துக்கொண்டு டேவிட்டைக் கூப்பிட்டேன். அவன் இப்போது வேலைக்குப் போகிறான். மாடியிலிருந்து என் பங்கை ஒரு டிஸ்க்கில் நகல் எடுத்துக் கீழே கொண்டுவந்து, புதுசில் போட்டு, பூட்டுக் கட்டையைச் செருகினான். நான் டீ போட்டு முடிப்பதற்குள் என் பழைய விண்டோஸ் எழுந்துவிட்டது.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான் அத்த. அப்பா இதுக்குத்தான் இந்த ஸ்லோ சாஃப்ட்வேரப் புடிச்சாரு. அந்த ஃபாஸ்டுதுக்கு நான் எவ்ளோ கெஞ்சினேன் தெர்யுமா? அதுல வெச்சா எங்க மிஷின உட்டு வெளிய எடுக்கறதுக்குத் தெரிஞ்ச ஆளு வேணும். இது வெறும் ஃபோல்டரு. தூக்கினு போய் எங்க வெச்சாலும் ஓடும். 'நான் பூட்டா கஸ்தூரி யாரு கால்லயும் வுயக் கூடாதுடா'ன்னாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

மாட்டேன்தான்.

அன்று ஆரோக்கியம் சாமான் ஏற்ற வந்திருந்தார். அவரைக் கடைக்குள் கூப்பிட்டேன். மிஷினில் துணியைப் போட்டுத் தையலை ஓடவிட்டு, மிஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் சேர்ந்த பிளக்கைக் காட்டினேன்.

"ஆரோக்கியம், இத்த நான் பாக்காதப்போ புடுங்கு."

"இன்னாத்துக்குக்கா? உன் டிசைன் பூடப் போவுது."

"பூட்டா ஒனுக்குத்தான லாபம். அதுக்குத்தான் உன்னியக் கூப்ட்டேன்."

குனிந்து பிளக் இருக்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "மாமாவ ரெண்டு வாட்டி கேட்டேன்கா, உன் டிசைன்ல ஒண்ணு குடுன்னு. 'கஸ்தூரியக் கேளு'ன்னுட்டாரு."

மாமா போன பிறகு மச்சினன் சொல்கிற சாட்சி அது. அதையும் நான் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. திரும்பி நின்று நூல்கண்டை மாற்றிக்கொண்டிருந்தேன். மிஷின் பாதித் தையலில் நின்றது. சொல்லாமல்தான் பிடுங்கினார். மறுபடி செருகினோம். வழக்கம்போல முனகிக்கொண்டு எழுந்தது. ஒவ்வொரு டிசைனாகத் திறந்து பார்த்தேன், எல்லாம் இருந்தன. ஆரோக்கியம் நீளமாக ஒரு மூச்சு விட்டார். அது நிம்மதியா ஏமாற்றமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அண்ணாத்தேயை நினைத்துக்கொள்ள என்னிடம் பொருள் ஒன்றும் இல்லை. ஃபோல்டரும் பூட்டும் என்னுடையவை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, சந்தேகப்படுகிறவர் மேல் கோபம் வராத குணம். நான் அவரைத் திருடன் என்று நினைத்தது அவருக்குத் தெரியும். அதற்காக ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. தன்னை நல்லவன் என்று நிரூபிக்கவும் இல்லை. வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்துவிட்டு, பிளக்கை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

போன வாரம் மீஞ்சூரிலிருந்து ஒருவர் புதிதாக வந்தார். தண்ணீரில் போட்டால் நூல் சாயம் போகும் என்று எங்கோ கேள்விப்பட்டாராம். என் முகத்தையும் நான் நீட்டிய மாதிரிச் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். முன்பென்றால் நறுக்கென்று நாலு கேட்டிருப்பேன். அன்று ஒரு வாளித் தண்ணீரையும் சோப்பையும் அவர் முன்னால் வைத்தேன். "ஊறப் போடுங்க, கசக்குங்க, உங்க இஷ்டம்" என்று சொல்லி, கடையை அவரிடம் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.